இறுக்கத்துக்கும் இளக்கத்துக்கும் நடுவில் ஒரு தெரு

"ஏனுங்க நிர்மலாக்கா, உங்க ஊட்டுக்காரரு நேத்து அந்தக் கடைசித் திருப்பத்துல எதுக்கு அப்படி ஒடிச்சாருன்னு கேட்டுச் சொல்லுங்க, என்ற ஊட்டு மாவுக் குண்டா ரெண்டும் சாமி ரூமுக்குப் போயி முருகனுக்கு அபிஷேகம் ஆயிப்போச்சு" என்று எதிர்வீட்டு ரங்கநாயகி எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். இட்லி மாவு விற்றுப் பிழைக்கிறவள், அவள் கோபத்தில் நியாயம் இருந்தது, ஆனால் காலைக் காப்பிக்கு முன்னால் எவள் நியாயத்தையும் கேட்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

"முருகன் பஞ்சாமிர்தத்தையே தாங்கறவரு, மாவைத் தாங்கமாட்டாரா? குண்டாவை மேடை மேல வெக்காத, தரையில வைன்னு எத்தன தடவ சொல்றது?" என்றேன்.

"தரைதானுங்கக்கா சாயுது!" என்றாள்.

அவள் சொன்னது சரி. தரைதான் சாய்ந்தது. அது எங்கள் தெருவில் பால்காரருக்குத் தெரியும், சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குத் தெரியும், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். என் கணவர் திருமூர்த்தி வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போனாலும், அங்கே அவர் எந்தப் பள்ளத்தில் இறங்குகிறாரோ அந்தப் பள்ளத்தில் இங்கே கணபதி ஏரியாவுக்குப் பின்னால், ஃபவுண்டரிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுபோகிற எங்கள் தெருவும் இறங்கும், அவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் இரண்டு வரிசை வீடுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் கொடிக்கயிற்றில் தொங்கும் பாவாடைகளும் வேப்பமரமும் சேர்ந்து சாயும், அவர் பிரேக்கை மிதித்தால் தெரு மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும், அவர் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தால் தெரு ஒரு பெருமூச்சு விட்டு நேராகும்.

வண்டி ஒன்றும் பெரிய வண்டி இல்லை. சிவப்பு நிறச் சின்னக் கார், நான் காய்கறி வாங்கப் போவதும் அதில்தான், கல்யாணத்துக்குப் போவதும் அதில்தான். வாரம் பூராவும் லேத் பட்டறையில் பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்து தள்ளுகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே காரின் பின்சீட்டைக் கழற்றி வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் பல்லடம் பக்கம் மூடிக்கிடக்கிற ஒரு மில்லின் மைதானத்துக்குப் போய்விடுவார். அங்கே ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகளை வளைத்து வளைத்து நட்டுவைத்திருப்பார்கள், ஓரிடத்தில் மட்டும் இடமும் வலமுமாக மாறி மாறி நுழைந்து போக நேர் வரிசையாக, ஒவ்வொரு வண்டியாகத் தனியாக அதற்குள் புகுந்து வர வேண்டும், கடிகாரம் ஓடும், கூம்பைத் தொட்டால் நேரம் ஏறும். இதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். ஐம்பது வயதில் ஒரு மனிதன் கூம்பைச் சுற்றுவதற்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

அவர் பிரச்சினை என்னவென்றால் ஒரே வண்டிதான், இரண்டு வேலை. "ரோட்டுக்கு இளக்கம் வேணும் நிர்மலா, சக்கரம் பள்ளத்துல எறங்கறது உள்ள உக்காந்திருக்கறவனுக்குத் தெரியக் கூடாது. மைதானத்துக்கு இறுக்கம் வேணும், சக்கரம் என்ன பண்ணுதுன்னு ஓட்டறவனுக்கு ஒண்ணு விடாமத் தெரியணும், வண்டி சாயக் கூடாது" என்று கார் ஷெட்டில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்துகொண்டு சொல்வார். அதற்காகத்தான் நாலு சக்கரத்துக்கும் தலையில் திருகு வைத்த புது ஷாக் அப்சார்பர் வாங்கிப் பூட்டினார். வலது பக்கம் திருகினால் இறுகும், இடது பக்கம் திருகினால் இளகும், ஒவ்வொரு திருகுக்கும் சுவர்ப்பல்லி மாதிரி ஒரு சத்தம்.

"அப்ப ரெண்டு வண்டி வாங்குங்க."

"எதுக்கு? ரெண்டுக்கும் பொதுவா ஒரு எடம் இருக்கும். தேடணும், அவ்வளவுதான்."

"இந்த ஊட்டுல பொண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் பொதுவா ஒரு எடம் கல்யாணம் ஆன நாள்லருந்து தேடறீங்களே, கெடைச்சுதா?"

அவர் வண்டிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொண்டார். உள்ளே முன்னறையிலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் வந்தது. அது என் நாத்தனார் வசந்தாமணி. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி எங்களோடே இருந்துவிட்டவள், ஸ்பின்னிங் மில் லேபில் வேலை. கறுப்புப் பலகையில் நூலை வரிசையாகச் சுற்றி வைத்து, அதில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிச்சு என்று பார்த்துச் சொல்கிற வேலை. அதையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். வலது கண்ணின் விழித்திரை காலேஜ் படிக்கிற காலத்திலேயே கழன்றுபோய் அந்தப் பக்கம் இருட்டு. மிச்சமிருந்த இடது கண்ணால் அவள் என் சமையலில் கண்டுபிடித்த முடிச்சுகள் கொஞ்சமா நஞ்சமா?

புது ஷாக்கைப் பூட்டிவிட்டு அவர் வண்டியை முதல்முதலாக எடுத்துக்கொண்டு போன சாயங்காலம் நான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன், வாணலியில் எண்ணெய் ஒரு பக்கமாக ஏறி நின்றது, எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தால் தெரு முழுவதும் ஆளாளுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள், மூலை வீட்டு மருதாசலம் மட்டும், பிறந்ததிலிருந்து கோணலாகவே நடந்த குடிகாரன், தெரு சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தான் சாய்ந்து, ஆக மொத்தத்தில் நேராக நடந்து வந்துகொண்டிருந்தான். ரங்கநாயகி என்னைப் பார்த்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிற தொனியில், "ஏனுங்கக்கா, அண்ணன் வண்டி எடுத்திருக்காருங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"செரி செரி. எப்ப வருவாருன்னு தெரிஞ்சா ஒலையை அப்பறமா வெச்சுக்கலாம்னுதான்."

அவ்வளவுதான். யாரும் சாமியாடவில்லை, பேப்பர்காரனைக் கூப்பிடவில்லை. எங்கள் தெரு ஃபவுண்டரிப் புகைக்குப் பழகிய தெரு, பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருவதற்குப் பழகிய தெரு, இதற்கும் பழகியது. அலமாரிக் கால்களுக்கு ஆப்பு வைத்தார்கள், பரணில் இருந்த பித்தளையெல்லாம் கீழே இறங்கியது, கட்டிலைச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டினார்கள், தெரு நாய்கள் நாலு காலையும் அகட்டி வைத்துத் தூங்கக் கற்றுக்கொண்டன. தெரு வாட்ஸப் குழுவில் என் கணவர் "வண்டி எடுக்கிறேன்" என்று போட்ட உடனே அடுப்புகள் அணையும், சவரம் பண்ணுகிறவர்கள் கத்தியைக் கீழே வைப்பார்கள், "வந்துட்டேன்" என்று போட்ட பிறகுதான் குக்கர்கள் ஏறும். என் மானம்தான் போயிற்று. நான் காரை எடுத்துக்கொண்டு போய்வந்தால், "அக்கா, இன்னைக்கு உக்கடம் வழியாவா வந்தீங்க? அந்தக் கோயில்கிட்டப் பள்ளம் இன்னும் மூடலையாட்டருக்குது" என்பாள் ரங்கநாயகி. என் அம்மா வீட்டுக்கு நான் எத்தனை தடவை போகிறேன் என்று என் மாமியார் உயிரோடு இருந்தபோதுகூட யாரும் கணக்கு வைத்ததில்லை, இப்போது தெருவே வைத்தது.

திருகு இளக்கமாக இருக்கிற நாட்களில் தெரு தொட்டில் மாதிரி இருந்தது, கைக்குழந்தைகள் பகலெல்லாம் தூங்கின, ஆனால் திருப்பங்களில் வீடுகள் மெதுவாக, நிதானமாக, மனம் வராமல் எழுந்திருக்கிற ஆள் மாதிரி ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை அவர் திருகை இறுக்கிவிட்டால் சாய்வு போய்விடும், பதிலுக்கு மைதானத்தின் ஒவ்வொரு ஜல்லிக்கல்லும் எங்கள் பல்லில் வந்து உட்காரும், மின்விசிறியிலிருந்து தூசி கொட்டும், முருங்கைக்காய் தானாக விழும், கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு டாக்டர் செலவு மிச்சம். கான்வென்ட்டில் படித்த காலமெல்லாம் "சிட் ஸ்ட்ரெயிட், கேர்ள்ஸ்" என்று கேட்டுக் கேட்டு நிமிர்ந்த என் முதுகெலும்பு, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னைத் தானே மணி மணியாக எண்ணிப் பார்த்துக்கொண்டது.

நடுவில் வண்டியின் உயரத்தைக் குறைத்தால் வேகம் கூடும் என்று ஸ்பிரிங்கை மாற்றினார், தெரு இரண்டு விரல் தாழ்ந்தது, ஐப்பசி மழையில் மெயின் ரோட்டுச் சாக்கடை முழுவதும் எங்கள் வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது. திரும்ப உயர்த்தினார்.

ஆனால் பழகுவதற்கும் ஒரு விலை இருந்தது, அதை யாரும் வாயால் சொல்லவில்லை. வீடு வாடகைக்கு என்று எழுதித் தொங்கவிட்ட பலகைகள் தொங்கிக்கொண்டே இருந்தன. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி டம்ளர் கையில் வந்து சேர்வதற்குள் எழுந்து போனார்கள். தெருச் சங்கத் தலைவர் கோபிநாத ராவ், பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் மனைவி ஓசூரில் மகன் வீட்டுக்கு ஒரு வாரம் என்று போனவர் திரும்பி வரவே இல்லை. இவர் அங்கே போய்ப் பார்த்தால் அசையாத தரையில் இவருக்குத் தூக்கம் வரவில்லை, இங்கே வந்தால் பேச ஆள் இல்லை. வெளியூர் போன எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் ஆயிற்று. நேராக நிற்கிற ஊர்களில் எங்களுக்குக் குமட்டியது.

வசந்தாமணி மட்டும் இதில் சந்தோஷப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் முன்னறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்து, நூலைப் பார்ப்பதுபோல ஓட்டத்தைப் பார்ப்பாள். அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள்.

"அண்ணா, அந்த வரிசைக் கூம்புல ரெண்டாவதுக்கு நீ சீக்கிரமாத் திரும்பிப்போடற. அதுக்கப்பறம் கடைசி வரைக்கும் தப்பையே தொரத்திட்டுப் போற."

"கூம்பத் தொட்டனா?"

"தொட்டே. ஒண்ணு. வெளிய சொல்லாத, ரங்கநாயகி ஊட்டு டம்ளர் ஒண்ணு ஒடஞ்சுது, அதான் கணக்கு."

இருவரும் சிரிப்பார்கள். நான் உடைந்த டம்ளருக்குப் பதில் டம்ளர் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவேன்.

பங்குனி முடிகிற சமயத்தில் ஒரு நாள் அவள் மில்லிலிருந்து பாதியில் வந்தாள். கறுப்புப் பலகையில் நூல் ஓரமாக எரிந்து பறக்கிறது என்றாள், மின்மினி மாதிரி வெளிச்சம் தெரிகிறது என்றாள். மிச்சமிருந்த கண்ணும் கழல ஆரம்பித்திருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: கண்ணுக்குள்ளே ஒரு காற்றுக் குமிழி வைத்திருக்கிறோம், அதுதான் விழித்திரையைப் பின்பக்கம் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும், சில வாரங்களுக்குக் கவிழ்ந்தே படுக்க வேண்டும், குலுங்கக் கூடாது, தலை சாயக் கூடாது, குமிழி இடம் மாறினால் அப்புறம் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. இதை நானும் கேட்டேன், அவரும் கேட்டார், பிறகு பார்க்க வந்த தெருவுக்கெல்லாம் நாங்கள் சொன்னோம், ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகப் போக "குலுங்கக் கூடாது" என்பது மட்டும் தங்கியது. குலுங்குவதுதானே எங்களுக்குத் தெரிந்த கஷ்டம். சாய்வது எங்களுக்குத் தொட்டில்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை. பட்டறைக்கு அவர் பஸ்ஸில் போனார், நான் காய்கறிக்கு நடந்து போனேன், தெரு அசையாமல் நின்றது. அந்த அசையாமை ஒரு பாரம் மாதிரி எல்லார் மேலும் இறங்கியது. ரங்கநாயகிக்குத் தலை சுற்றியது, குழந்தைகள் தூங்காமல் அழுதன, மருதாசலம் நேராக நடக்க வழியில்லாமல் இரண்டு தடவை சாக்கடையில் விழுந்தான். ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை, தினமும் யாராவது ஒருவர் வந்து முன்னறை வாசலில் நின்று, நடுவில் ஓட்டை வைத்த தலையணையில் முகத்தைப் புதைத்துக் கிடந்த வசந்தாமணியின் முதுகைப் பார்த்து, "எப்படியிருக்குது அம்மணி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தலையணைக்குள்ளிருந்து, "தரையத்தான் பாத்துட்டிருக்கறேன், பெருக்கினது பத்தலீங்க" என்று பதில் வரும். பெருக்கியது நான்.

அந்த வருடத்தின் கடைசிப் போட்டி அந்தச் சமயத்தில்தான் வந்து தொலைந்தது. வருஷா வருஷம் இவரை முந்துகிற திருப்பூர்ப் பையன் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வீட்டில் இருந்தான், இவருக்கு இதைவிட ஒரு வாய்ப்பு இனி வராது, இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தவள் வசந்தாமணி.

"அண்ணா, நீ போ."

"பேசாமப் படு பாப்பா."

"பேசாமத்தான் படுத்திருக்கறேன். நாள் பூரா இருட்டு. நீ ஓட்டறது ஒண்ணுதான் நான் பாக்கறது, அதையும் நிறுத்திப்போட்டே. என்ற பேரச் சொல்லிச் சொல்லி நாளைக்கு நீ பெருமூச்சு உடறதக் கேட்டுட்டு நான் கெடக்கோணுமா? போயிட்டு வா."

"போகக் கூடாது" என்றேன் நான். "கூம்பு எங்கியும் ஓடிப்போகாது. அடுத்த வருசமும் பிளாஸ்டிக்காத்தான் இருக்கும்."

"அண்ணி, உங்களுக்கு எப்பவுமே அண்ணன் போறது புடிக்காது, இப்ப என்ற கண்ணு ஒரு சாக்கு" என்றது தலையணை.

நான் அடுக்களைக்குப் போய் ஒரு பாத்திரத்தை வேண்டிய சத்தத்தோடு வைத்தேன். அதற்குள் தெரு வந்துவிட்டது. கோபிநாத ராவ் வந்தார், ரங்கநாயகி வந்தாள், ஆளுக்கொரு யோசனை. அவளை ஆம்புலன்ஸில் வேறு எங்காவது கொண்டுபோய் வைக்கலாம் என்றால் அந்தப் பயணமே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசியில் ராவ்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "திருமூர்த்தி, இறுக்கினாத்தானே குலுங்கும்? இறுக்காதீங்க. நல்லா இளக்கி வெச்சுட்டுப் போங்க. ஜெயிச்சா ஜெயிக்கறீங்க, இல்லாட்டிப் போகுது" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

"இளக்கி வெச்சா சாயுமுங்க" என்றார் என் கணவர். "அந்த வரிசைக் கூம்புல இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தித் திருப்பும்போது ரொம்பச் சாயும். சாயாம இருக்கறதுக்குன்னே ஒரு கம்பி இருக்குது, அடியில குறுக்கால பூட்டறது. புனேலருந்து வரோணும், சொல்லி வெச்சிருக்கறேன், இன்னும் வரல."

"சாஞ்சா என்னங்க, தொட்டில்ல கெடக்கற மாதிரி கெடக்கும் புள்ள" என்றாள் ரங்கநாயகி.

"போறதுன்னா இளக்கி வெச்சுட்டுப் போங்க, நசநசன்னு பேசிட்டிருக்காதீங்க" என்று நானும்தான் அடுக்களையிலிருந்து சொன்னேன். எனக்கு யார் பேச்சும் நீளக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியை எடுத்தபோது தெரு மெல்ல மூச்செடுத்தது, மெயின் ரோடு வரைக்கும் அத்தனை இதமாக, சூலூர் தாண்டும்வரை அத்தனை பக்குவமாக, குழந்தைகள் பல நாளைக்குப் பிறகு தூங்கின, வேப்பமரம் பூக்களைக் கொட்டியது, நான் வசந்தாமணியின் கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், அவள் தலையை நான் அதற்கு முன் தொட்டதில்லை, மயிர் இத்தனை மெல்லிசு என்று எனக்குத் தெரியாது.

முதல் ஓட்டம் வந்தது. வீடு வலப்பக்கம் சரிந்தது, திரும்பியது, இடப்பக்கம் சரிந்தது, கட்டில் கயிற்றில் நின்றது. குலுக்கல் என்று ஒன்றுமே இல்லை. "நல்லாப் போறான் அண்ணி" என்றாள், "பயந்துட்டு ஓட்டறான், ஆனா நல்லாப் போறான்." இரண்டாவது ஓட்டமும் வந்து போயிற்று. ரங்கநாயகி வாசலில் நின்று, "பாத்தீங்களா, ஒண்ணுமில்ல" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

கடைசி ஓட்டத்தில் அவர் பயப்படவில்லை. அது தரையிலேயே தெரிந்தது. தெரு ஒரு முறை பின்னால் உட்கார்ந்து எழுந்தது, முதல் வளைவில் ஜன்னல் கதவுகள் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டன. "இப்ப வரிசைக் கூம்பு" என்றாள் வசந்தாமணி, "ரெண்டாவதுக்குப் பொறுக்கறான், பொறுக்கறான், ஆங், இப்பத் திருப்பினான் பாருங்க அண்ணி, சொன்ன மாதிரியே." தெரு இடப்பக்கம் சாய்ந்தது, அந்தச் சாய்விலிருந்து எழுவதற்குள் வலப்பக்கம் இழுக்கப்பட்டு அதைவிட அதிகமாகச் சாய்ந்தது, அதிலிருந்து எழுவதற்குள் இடப்பக்கம், தலையில் சுமந்த தண்ணீர்க் குடம் ஒரு தடவை தளும்பினால் அடுத்த தளும்பல் அதைவிடப் பெரிதாக இருக்குமே, அப்படி, வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று தோளைச் சாய்த்துக்கொண்டன, ஃபவுண்டரிச் சுவர் வானத்தைப் பார்த்தது, கயிறு அறுந்தது, கட்டில் அறையின் குறுக்காக ஓடியது, நானும் அவள் தலையும் என் கைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஓடினோம், நான் தலையை விடவில்லை, கவிழ்ந்தபடியேதான் வைத்திருந்தேன், ஆனால் எது கவிழ்ந்த பக்கம் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும், தரை சுவராகவும் சுவர் தரையாகவும் ஆன வீட்டில் கவிழ்ந்து படுத்தவள் பக்கவாட்டில்தானே கிடப்பாள்.

தெரு நேரானது. எங்கேயும் ஒரு டம்ளர்கூட உடையவில்லை. அவர் ஒரு கூம்பையும் தொடவில்லை.

"அண்ணி" என்றாள். "கீழேருந்து ஒரு திரை மேல வருது."

"எங்க?"

"கண்ணுக்குள்ள."

நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரை முழுவதும் மூடுகிறவரை, தரையில் கிடந்த ஒரு வேப்பம்பூவைத் தலையணை ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

அவர் கோப்பையோடு வந்தார். வாட்ஸப்பில் "வந்துட்டேன்" என்று போட்டதற்கு யாரும் கட்டைவிரல் போடவில்லை. வாசலில் நின்ற தெருவைப் பார்த்தபோதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், கோப்பையைச் செருப்பு விடுகிற இடத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஜெயிச்சியாண்ணா?"

"ம்."

"தெரியும். ரெண்டாவது கூம்புக்குப் பொறுத்தே."

திரும்ப ஆபரேஷன் செய்தார்கள், ஒட்டவில்லை. புனேயிலிருந்து அந்தக் கம்பி வந்து சேர்ந்தது, காகிதத்தைப் பிரிக்காமல் ஷெட்டில் சாத்தி வைத்தார், இன்னும் அங்கேயே இருக்கிறது. வண்டியைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. தான் பட்டறையில் இருக்கும்போது யாரையாவது கூட்டிவந்து கொடுத்துவிடும்படி ஒரு புரோக்கரிடம் சொல்லிவிட்டார், வெளியூர் ஆள் ஒருவன் வந்து முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாமல் ஓட்டிக்கொண்டு போனான். தெரு அவனோடு கிளம்பியது. வண்டியை விற்றால் தெரு நின்றுவிடும் என்று நினைத்தோம், நம் வண்டி என்பதால்தான் நம் தெரு என்று நினைத்தோம். வண்டிக்கு அதெல்லாம் தெரியவில்லை.

இப்போது யாரும் "வண்டி எடுக்கிறேன்" என்று போடுவதில்லை. உலை கொதிக்கும்போது கிளம்புகிறான், குழந்தை குளிக்கும்போது பிரேக் போடுகிறான். திருகையெல்லாம் கடைசிவரை இறுக்கிவிட்டிருக்கிறான் போலிருக்கிறது, ஒவ்வொரு கல்லும் வந்து சேருகிறது. எந்த ஊர் என்று தெரியவில்லை. சில நாள் விடாமல் வளைந்து வளைந்து ஏறுகிறோம், காது அடைக்கிறது. சில நாள் நேராக, முடிவே இல்லாமல், ஒரு பக்கத்திலிருந்து காற்று தள்ளுகிறது. "கடலோர ரோடு அண்ணி, சக்கரத்துல மணல் இருக்குது" என்பாள் வசந்தாமணி. புரோக்கரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்டால் ஆர்.சி. புத்தகம் இன்னும் உங்கள் பெயரில்தானே இருக்கிறது என்கிறார்கள். ராவ் ஓசூருக்கே போய்விட்டார், குமட்டலோடு அங்கேயே இருந்துகொள்கிறாராம்.

என் கணவர் பட்டறையிலிருந்து வந்தால் ஷெட்டில்தான் உட்காருகிறார், வண்டி நின்ற இடத்தின் எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில். தெரு ஒரு திருப்பத்தை மோசமாக எடுத்தால் அவர் வலது கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது.

வசந்தாமணி நடக்கக் கற்றுக்கொள்கிறாள். கையில் வெள்ளைக் கம்பு, சுவரோரமாக எங்கள் கேட்டிலிருந்து முக்குக் கடைவரை. கம்பைத் தட்டி, கல் எங்கே, படி எங்கே, ரங்கநாயகி வீட்டுச் சாக்கடை எங்கே என்று நூல் பார்த்த மாதிரியே பார்த்து வைத்திருக்கிறாள், பார்த்து வைத்ததை அவன் ஒரு பள்ளத்தில் இறங்கிக் கலைத்துவிடுகிறான். முழங்கால் இரண்டிலும் ஆறாத காயம். பிடித்துக்கொள்ள வந்தால், "உடுங்க அண்ணி, நீங்க புடிச்சா எனக்கு வழி மறந்துபோகுது" என்கிறாள். முக்குக் கடைவரை தனியாகப் போய்விட்டால் அப்புறம் பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாப் போய்விட்டால் மில்லில் வேறு ஏதாவது வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் முக்குக் கடையே வரவில்லை.

போன வாரம் ரங்கநாயகிதான் யோசனை சொன்னாள். வண்டி ஆடினா நாம ஆடறமே, நாம ஆடினா வண்டி ஆடாதா? சாயங்காலம் எல்லோரும் வெளியே வந்தோம், என் கணவர் ஷெட்டிலிருந்து எழுந்து வந்தார், மருதாசலம் குடிக்காமல் வந்தான், கைக்குழந்தைக்காரிகள் குழந்தையை இடுக்கிக்கொண்டு வந்தார்கள், ஐம்பதை நெருங்குகிற நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன், ஒன்றாகக் குதித்தோம். ஒரு தடவை. எங்கோ ஒரு ரோட்டில் ஒருவன் திடுக்கிட்டு வண்டியை ஓரம் கட்டுவான், இறங்கிச் சக்கரத்தைப் பார்ப்பான், கொஞ்ச நேரமாவது நிற்பான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தெரு மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு மாறியது.

எல்லோரும் திரும்பிப் போக ஆரம்பித்தார்கள். வசந்தாமணி போகவில்லை. கம்பைக் கீழே வைத்தாள், காயம் பட்ட முழங்காலை மடித்துத் தார் ரோட்டில் உட்கார்ந்தாள், இரண்டு உள்ளங்கையையும் ரோட்டில் வைத்தாள், நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன், அவள் வாயைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோய், முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டாள்:

"ஏனுங்க, அந்தப் பின்சக்கரத்துத் திருகு டிக்கியில பாய்க்கு அடியில இருக்குதுங்க, கொஞ்சம் எடது பக்கமாத் திருப்பறீங்களா? இல்லாட்டி, நான் முக்குக் கடை வரைக்கும் போயிட்டு வர்ற வரைக்கும் மட்டும், வண்டிய எங்கியாச்சும் நெழல்ல நிறுத்தி வெக்கறீங்களா?"